கீழே நிற்பவளுக்கு ஒரு கொட்டகை

குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போகும் வழக்கத்தைத் தொடங்கி வைத்த ஆள் யாரென்று தெரிந்தால், வீடு தேடிப் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருவேன். ஒரு வேனில் பதினைந்து பேர் ஏறுவார்கள். பதினான்கு பேர் உல்லாசமாக இருப்பார்கள். பதினைந்தாவது ஆள் பைகளைப் பார்த்துக்கொள்வாள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதினைந்தாவது ஆள் நான். நாற்பது வருடமாக அந்தப் பதவியை வகிக்கிறேன். அரசாங்க அலுவலகத்தில் நான் பார்க்கிற எழுதுவினைஞர் வேலைக்கு ஓய்வூதியமாவது கிடைக்கும். இதற்கு அதுவும் இல்லை.

பேராதனைப் பூங்காவில் எல்லோரும் மூங்கில் பார்க்கப் போனபோது, குரங்குகளிடமிருந்து சோற்று வாளியைக் காப்பாற்றியது நான். நுவரெலியாவில் அவர்கள் படகில் போக, கரையில் பதினொரு சோடிச் செருப்போடு விறைத்துப்போய் நின்றது நான். கொழும்புப் பக்கம் ஒரு நீர்ப் பூங்காவுக்குப் போனோம். அன்றைக்கு எல்லோருடைய கைபேசி, மூக்குக் கண்ணாடி, மோதிரம், கடைசியில் என் சித்தப்பாவின் பல் செட்டும் கைக்குட்டையில் சுற்றி என் மடிக்கு வந்தது. அவர் சறுக்கலில் வாயைத் திறந்துகொண்டு இறங்கியதைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

நான் ஏன் எதிலும் ஏறுவதில்லை என்று கேட்டால் எங்கள் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைகூடச் சொல்லும். அக்காவுக்குத் தலை சுற்றும். கலியாணமாகி வந்த மருமக்களுக்கு வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குத் தலை சுற்றாது.

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது கண்டியில் ஒரு மைதானத்துக்குக் கார்னிவல் வந்தது. அப்பா ஒரு புடைவைக் கடையில் விற்பனையாளராக இருந்தார். வருடம் முழுக்க மற்றவர்களுக்குத் துணி விரித்துக் காட்டிய மனிதர், அன்று ஒரு நாள் எங்களுக்கு எதையாவது காட்ட ஆசைப்பட்டார். நான், எனக்கு அடுத்த தம்பி, தங்கை, கடைக்குட்டித் தம்பி, நாலு பேரையும் பெரிய ராட்டினத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ராட்டினக்காரன் எங்களைப் பார்த்துவிட்டு மூன்று விரலை நீட்டினான். "துன்தெனாய்!" என்றான். ஒரு பெட்டிக்கு மூன்று பிள்ளைகள்தான். அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தார். அவன் மூன்று விரலை மடக்கவே இல்லை.

கடைக்குட்டிக்கு அப்போது ஐந்து வயது. யாரை விடப்போகிறார்கள் என்று அவனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சேற்றில் விழுந்து புரண்டான். அப்பா என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். சும்மா பார்த்தார்.

"எனக்கு வேணாம்பா. எனக்குத் தலை சுத்தும்" என்றேன்.

அப்பாவின் முகத்தில் எவ்வளவு நிம்மதி! அம்மா பக்கம் திரும்பி, "அதானே, இதுக்குச் சின்னதுலருந்தே தலை சுத்துமே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அவர் அதை முழுக்க நம்பினார். என் கையில் மூன்று சோடிச் செருப்பைக் கொடுத்தார்கள். கடைக்குட்டி உச்சியிலிருந்து எனக்குக் கை காட்டினான். நானும் செருப்போடு கையைத் தூக்கிக் காட்டினேன்.

ஒருநாள் சமாளிப்புக்குச் சொன்னது அது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சொல் உள்ளே வந்துவிட்டால் பழைய அலுமாரி மாதிரி, பிறகு அதை யாரும் நகர்த்த மாட்டார்கள். பதினேழு வயதில் கோயில் திருவிழாவில் ஊஞ்சல் ராட்டினத்தில் கால் வைத்தேன். அம்மா ஓடிவந்து இழுத்து இறக்கி, "வீம்புக்கு ஏறாத" என்று எல்லோர் முன்னாலும், தலைச்சுற்றுக்கு மருந்தென்று புளிக்கப் புளிக்கத் தேசிக்காய்த் தண்ணீர் குடிக்க வைத்தாள். இருபத்தாறு வயதில் மாத்தளையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனின் தாய், பெண்ணுக்கு நோய் வருத்தம் ஏதும் உண்டா என்று வழக்கத்துக்குக் கேட்டாள். என் அத்தை வெள்ளை மனதோடு, "ஒண்ணும் இல்லீங்க, தலைச்சுத்து மட்டும் கொஞ்சம் இருக்கு" என்றாள். அவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. அந்த மாப்பிள்ளை நல்லவனா கெட்டவனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கடைக்குட்டித் தம்பிதான் இந்தக் கதைக்கு வேண்டிய ஆள். படித்து முடித்து வளைகுடாவுக்குப் போனான். அங்கே ஒரு பெரிய விளையாட்டுப் பூங்காவில் ராட்டினங்களையும் ரயில்களையும் பழுது பார்க்கிற வேலை. விதியின் குசும்பைப் பாருங்கள். அன்றைக்கு என் இடத்தில் ஏறியவன், அதையே தொழிலாக்கிக்கொண்டான். பத்து வருடம் கழித்து மனைவி பிள்ளைகளோடு திரும்பி வந்து, கண்டி வீட்டின் மேல்தட்டில் குடியேறினான். கீழ்த்தட்டில் நான்.

ஹுன்னஸ்கிரியப் பக்கம் கைவிட்ட தேயிலைக் காணி ஒன்றை ஒரு முதலாளி வாங்கி விளையாட்டுப் பூங்காவாக்கிக்கொண்டிருந்தார். தம்பியை அங்கே பொறியியல் பொறுப்புக்கு எடுத்தார்கள். முதலாளி அவனிடம் இரண்டு யோசனை கேட்டார். ஒன்று, குடும்பமாக ஏறுகிற புதிய சவாரி. மற்றது, பெரிய ரோட்டில் இறங்குகிற சனத்தை ஒன்றரை மைல் ஏற்றத்தில் பூங்கா வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வழி. பஸ் அங்கே திரும்ப முடியாது.

அவன் யோசித்தது முழுக்க என் சமையலறை மேசையில். மாலையில் நான் வேலை விட்டு வந்து தேத்தண்ணி ஊற்றுவேன். அவன் கடதாசியை விரிப்பான். முதலில் கம்பியில் தொங்குகிற பெட்டி என்றான். பிறகு குட்டி ரயில் என்றான். ஒருநாள் யானை உருவத்தில் வண்டி என்றான்.

"கண்டித் திருவிழாவுல யானை மேல போறது புத்தரோட புனிதப் பல்லுன்னு மறந்துட்டியா? நாலு பேரு பேனரத் தூக்கிட்டு வாசலுக்கு வந்துருவாங்க" என்றேன்.

யானை போய்விட்டது. கடைசியில் டிராக்டருக்குப் பின்னால் பெட்டி பூட்டுவது என்று முடிவானது. பைகளுக்குத் தனியாக ஒரு பெட்டி வைக்கும்படி சொன்னது நான். பை தூக்கியவளுக்குத்தானே பையின் பாரம் தெரியும்.

சவாரிக்கு அவன் வைத்திருந்த யோசனை, தேயிலை பறிப்பவர்கள் முதுகில் சுமக்கிற கொழுந்துக் கூடை. தேயிலைச் சரிவின் மேல் கம்பியில் பெரிய பெரிய கூடைகள் தொங்கும். கூடைக்குள் நாலு ஆசனம். கூடை சரிவைச் சுற்றி வரும், வரும்போதே தானும் மெல்லச் சுழலும். எங்கள் அம்மாவின் தாய் அந்தப் பக்கத்து மலையில்தான் கூடை சுமந்தாள். அவளுடைய சந்ததி காசு கொடுத்துக் கூடைக்குள் உட்காரப் போகிறது என்று நினைத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் வரைந்த படம் அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி.

"ஏன் நாலு ஆசனம்?" என்று கேட்டேன்.

"குடும்பம்னா நாலுதான் அக்கா. ரெண்டு பெரியவங்க, ரெண்டு பிள்ளைங்க. எல்லா நாட்டுலயும் அந்தக் கணக்குத்தான்."

"நம்ம வேன்ல எத்தன பேர் போறோம்?"

"அது வேற. பிரிஞ்சு பிரிஞ்சு ஏறிக்குவாங்க."

"அப்ப நான் எந்தக் கூடை?"

அவன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தான். "நீங்கதான் ஏற மாட்டீங்களே. தலை சுத்துமே."

நாற்பது வருடக் கோபம் வாய்க்கு வந்துவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் பாதி அவன் கடதாசியில் கொட்டியது. "ஏறுறவனுக்கு ராவும் பகலும் யோசிக்கிறியே, கீழ நிக்கிறவளுக்கு என்னடா யோசிச்ச?" என்று கத்தினேன்.

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். என்னையே பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "சரியாச் சொன்னீங்க அக்கா. இத யாருமே யோசிச்சதில்ல" என்றான். கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டான்.

புரிந்துகொண்டான் என்று நினைத்தேன். முட்டாள். அவனைச் சொல்லவில்லை, என்னைத்தான்.

அதற்குப் பிறகு சவாரியைப் பற்றி அவன் வாயைத் திறக்கவே இல்லை. கேட்டால், "உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு, வெள்ளோட்டத்தன்னைக்குப் பாருங்க" என்பான். எனக்கென்று ஒரு கூடை வைத்திருக்கிறான் என்று நம்பினேன். ஐந்தாவது ஆசனம் ஒன்று போட்டிருப்பான், அல்லது பெரிய கூடையாகவே செய்திருப்பான். கண்டி டவுனில் கடைகடையாக ஏறி இறங்கி, கால்விரல் மூடி, குதிக்குப் பின்னால் வார் வைத்த சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். உயரத்தில் போகும்போது செருப்பு கழன்று கீழே விழக்கூடாதே. ஐம்பத்து நாலு வயதில், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெள்ளோட்ட நாளுக்கு ஊழியர்களின் குடும்பங்களை இலவசமாகக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின வாரம் கூடைகளில் மண் மூட்டை வைத்து ஓட்டிப் பார்த்தார்களாம். இந்த வாரம் சொந்தக்காரர்களை வைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே எடைதான் என்று முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது. காலையில் வேன் வந்தது. தம்பி மனைவியின் புரியாணிச் சட்டி, கோழிக் கறி டப்பா, சோறு மடிக்கிற லஞ்ச் ஷீட் கட்டு, தண்ணீர்க் கேன் இரண்டு, மாற்று உடுப்புப் பைகள் ஏழு. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு மிச்சமிருந்த இடத்தில் நாங்கள் ஏறினோம். தெல்தெனியா தாண்டி வளைவுகள் தொடங்கியதும் என் தங்கையின் மகள் பொலித்தீன் பைக்குள் வாந்தி எடுத்தாள். பையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

பெரிய ரோட்டில் டிராக்டர் நின்றது. பெட்டிகளுக்குச் சிவப்பு, மஞ்சள் அடித்து, 'விருந்தினர் ரதம்' என்று எழுதியிருந்தார்கள். ரதமாம். எங்கள் பெட்டியில் இன்னும் யூரியா நாற்றம் போகவில்லை. கடைசியில் பைகளுக்குத் தனிப் பெட்டி இருந்தது. நான் சொன்ன யோசனை. சரி, ஒன்றையாவது காதில் வாங்கியிருக்கிறான் என்று மனம் கொஞ்சம் இளகியது.

மேலே தம்பி காத்துக்கொண்டிருந்தான். சவாரிக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடிய ஏதோ ஒன்று. என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்துத் துணியை இழுத்தான்.

ஒரு கொட்டகை. நல்ல கொட்டகைதான். கூரைக்கு ஓடு. உள்ளே மெத்தை வைத்த கதிரைகள், சுவரில் மின்விசிறி, இலக்கமிட்ட பைத் தட்டுகள், செருப்புக்கென்று சின்னச் சின்ன அறைகள், கைபேசி சார்ஜ் போடப் பிளக். மூன்று மொழியில் பலகை. தமிழில், 'காத்திருப்போர் நிழல்.'

"இது உங்க யோசனை அக்கா" என்றான். "முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன், இது எங்க அக்கா குடுத்த யோசனைன்னு. அவரே அசந்துட்டாரு. நாப்பது வருசமா நின்னுகிட்டே பாத்துட்டீங்க. இனிமே உக்காந்து பாருங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்கள் தட்டி முடிக்கும் முன்பே பைகள் வரத் தொடங்கின. "அண்ணி, கோழிக் கறி டப்பாவ மட்டும் நிமித்தி வைங்க" என்றாள் தம்பி மனைவி. "அத்தை, செருப்பு" என்று ஒரு சோடி என் காலடியில் விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு ஒன்று. கூடைகளை நோக்கிக் கூட்டம் ஓடியது.

அந்தக் கதிரையில் நான் ஒரு பத்து நிமிடம் இருந்தேன். கதிரை சுகமாக இருந்ததுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். முதுகுக்கு ஏற்ற சாய்வு, காலுக்கு ஒரு சின்னப் பலகை. என் முதுகு எப்படி வளையும், கால் எங்கே வலிக்கும் என்று அவன் பார்த்து வைத்திருக்கிறான். அன்பில் குறை சொல்ல முடியாது. யாராவது என்னை வெறுத்துச் செய்திருந்தால் அதைத் தாங்கியிருப்பேன். இவன் பாசத்தோடு அளவெடுத்து, ஓடு போட்டு, விசிறி பூட்டி, நான் சாகும்வரை கீழே இருப்பதற்கு இடம் கட்டியிருக்கிறான்.

கோழிக் கறி டப்பாவை நிமிர்த்தி வைத்தேன். எழுந்தேன். கூடைகள் ஏறுகிற மேடையை நோக்கி நடந்தேன்.

தம்பி ஓடிவந்தான். "எங்க போறீங்க?"

"மேல."

"அக்கா, வேணாம். கூடை சுத்தும். உங்களுக்குத் தலை..."

"எனக்குத் தலை சுத்தாது. ஒருநாளும் சுத்தினதில்ல."

"அப்பா சொன்னாரே."

"அப்பாவுக்கு நான்தான் சொன்னேன். பொட்டியில மூணு பேருக்குத்தான் எடம் இருந்துச்சு. நீ சேத்துல பொரண்டு அழுத."

அவன் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கு அந்த ராட்டினமே ஞாபகமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு, "அதுக்குப் பொறகு ஏன் நீங்க சொல்லல?" என்றான்.

"நீ ஏன் கேக்கல?" என்றேன். அவனைத் தாண்டிப் படியேறினேன்.

மேடையில் கூடைகளை இயக்குகிறவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். மடுல்கெல்லக்காரர். முன்பு தேயிலை ஃபாக்டரியில் இயந்திரம் பார்த்தவராம். என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"தனியா ஏத்த மாட்டோங்க. ஒரு பக்கம் சாஞ்சிரும். குடும்பமாத்தான் ஏறணும்."

என் குடும்பம் ஏற்கெனவே நாலு நாலாகப் பிரிந்து சரிவுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நான் வர்றேன் அக்கா" என்றான் தம்பி.

"நீ வராத. போய்ப் பையப் பாத்துக்க. குரங்கு வரும்."

அவன் போகவில்லை. ஆனால் கூடையிலும் ஏறவில்லை. நான் மேடையை விட்டு இறங்குவதாக இல்லை என்று இயக்குகிறவருக்கு விளங்கிவிட்டது. தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி தலையை ஆட்டினான். அவர் மேடைக்குப் பின்னால் போய், போன வாரத்து மண் மூட்டைகளில் மூன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஆசனத்துக்கு ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். பிறகு எனக்கும் பூட்டினார்.

"இப்ப சரிங்க. நாலு பேர்" என்றார்.

கூடை மேடையை விட்டு நழுவியது. காலுக்குக் கீழே தரை இல்லை. சப்பாத்து கழலவில்லை. காடாகிப் போன தேயிலை, அதற்கு அப்பால் தோட்டத் தொழிலாளரின் லயத்துக் கூரைகள், அதற்கும் அப்பால் மலை. நான் வாய்விட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதைப் போய் நாற்பது வருடம் தராமல் வைத்திருந்தார்களே என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினேன்.

பிறகு கூடை சுழலத் தொடங்கியது.

முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் மலை ஒரு பக்கமாக நழுவிப் போனது. காதுக்குள் இரைந்தது. உள்ளங்கை வியர்த்தது. கம்பியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடினேன். மூடினால் இன்னும் மோசம். தலை சுற்றியது. உண்மையாகவே, சத்தியமாகவே தலை சுற்றியது. பதினான்கு வயதில் சுற்றியிருக்காது. பதினேழில் சுற்றியிருக்காது. இப்போது சுற்றுகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே பார்த்தேன். மூன்று மூட்டைகளும் ஒரு அசைவு இல்லாமல் உட்கார்ந்திருந்தன.

கூடை மேடைக்கு வந்து நின்றது. அதற்குள் எல்லோரும் இறங்கிச் செய்தி கேள்விப்பட்டு, கம்பி வேலிக்கு அப்பால் கூடிவிட்டார்கள். தம்பி கையில் தண்ணீர்ப் போத்தல். தங்கை கையில் தேசிக்காய். எங்கிருந்துதான் எடுத்தாளோ. பதினான்கு முகமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சுத்துச்சா அக்கா?" என்றான் தம்பி.

மேடை என் காலுக்குக் கீழே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்தால் விழுந்துவிடுவேன் என்று தெரிந்தது. இயக்குகிறவர் என் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மூட்டைகளின் பெல்ட்டைக் கழற்றப் போனார்.

"இல்ல" என்றேன். "சுத்தல. இன்னொரு தரம் போறேன். மூட்டைங்கள எறக்காதீங்க."